தென் டிரோல் மரக் குடில்கள்: லுத்தாக் வரை போகலாமா, பிரிக்ஸெனோடு நிறுத்திக்கொள்ளலாமா?

முத்துநகர்வாசி

மியூனிக்கில் இருக்கிறேன். டிசம்பர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வருகிறார்கள், இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். கோட்டை, கார் மியூசியம் என்று நான் போட்டு வைத்திருந்த திட்டத்தையெல்லாம் அம்மா போனிலேயே ரத்து செய்துவிட்டார். அவருக்குக் கிறிஸ்துமஸ் குடில் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்தால் களிமண், வைக்கோல், முளைவிட்ட கேழ்வரகு என்று முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது, அதனால் எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அப்பா வேறு ரகம். தோணி கட்டும் ஓடாவியாக இருந்தவர், எந்த மரச் சாமானைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார், குடிலின் பக்தியெல்லாம் அம்மாவின் இலாகா.

தேடியதில், இத்தாலியில் ஜெர்மன் பேசும் தென் டிரோல் பகுதியில், ஆர்ன்டால் பள்ளத்தாக்கில் லுத்தாக் என்ற சின்ன ஊரில் மரனாதா என்ற பெயரில் குடில்களுக்கும் நாட்டார் கலைக்கும் ஒரு அருங்காட்சியகம் இருப்பது தெரிந்தது. படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் மியூனிக்கிலிருந்து அவ்வளவு தூரம், குளிரில், வயதானவர்களை அழைத்துக்கொண்டு போவதற்குத் தகுதியான இடமா? அல்லது பெரிய ஊர்களில் இதைவிட நல்லதாக ஏதாவது இருக்கிறதா? அப்பாவுக்காக உளி வேலை நடப்பதைப் பார்க்கவும் வழி இருந்தால் நல்லது. அப்புறம், அம்மா ஒரு செட் சுரூபம், அதாவது குடிலில் வைக்கும் சிலைகள், வாங்காமல் ஊர் திரும்ப மாட்டார், அது நிச்சயம். கடைக்காரர் 'கையால் செய்தது' என்றால் அப்படியே நம்பலாமா? போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ப்ரென்னர்_வழிப்போக்கன்

இன்ஸ்ப்ரூக்கில் இருக்கிறேன், இந்தப் பக்கமெல்லாம் அடிக்கடி போய்வருவேன். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் அதே தென் டிரோலில் இருக்கும் பிரிக்ஸென் போங்கள், யோசிக்கவே வேண்டாம்.

அங்கே ஹோஃப்புர்க் என்று ஆயர்களின் (பிஷப்புகளின்) பழைய அரண்மனை இருக்கிறது. வெறும் ஆயர்கள் இல்லை, அந்த நிலத்தையே ஆண்ட இளவரச ஆயர்கள். இப்போது மறைமாவட்ட அருங்காட்சியகம், அதன் ஒரு பகுதி முழுக்கக் குடில்கள். அந்த வரிசையின் கடைசி ஆட்களில் ஒருவரான கார்ல் ஃப்ரான்ஸ் ஃபான் லோட்ரோன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாபெரும் குடிலுக்கு ஆர்டர் கொடுத்தார். செதுக்கியவர்கள் ப்ரோப்ஸ்ட் குடும்பத்து சகோதரர்கள், முதலில் அகுஸ்டின், பிறகு யோசெஃப் பெனடிக்ட். சுமார் 5,000 உருவங்கள். பெத்லகேம் மட்டும் இல்லை, பழைய ஏற்பாட்டில் ஆரம்பித்து இயேசுவின் வாழ்க்கை முழுவதும், ஒவ்வொரு காட்சியும் ஒரு தனி மேடை. அதனால் இதை 'ஆண்டுக் குடில்' என்கிறார்கள், திருவழிபாட்டு ஆண்டு நகர நகர அந்தந்தக் காட்சியை வெளியே எடுத்து வைப்பார்களாம். உருவங்கள் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. ஏரோது மன்னனின் சிப்பாய்கள் குழந்தைகளைக் கொல்லும் காட்சியில் ஒவ்வொரு தாயும் வேறு வேறு மாதிரி கத்துகிறாள். அங்கே கண்ணாடியை ஒட்டி நின்று பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. குடிலைக் கோயிலுக்குள் கொண்டு வந்து பரப்பியதில் பெரிய பங்கு இயேசு சபைத் துறவிகளுடையது. 1562இல் ப்ராகில், 1607இல் மியூனிக்கில், 1608இல் இன்ஸ்ப்ரூக்கில் வைத்தார்கள். பாமர மக்களுக்குக் காட்டிப் புரிய வைப்பதுதான் நோக்கம். ஆனால் 1782இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசெஃப், அறிவொளிக் காலத்து ஆள், இதெல்லாம் குழந்தை விளையாட்டு, வழிபாட்டுக்குப் பொருந்தாது என்று கோயில்களில் குடில் வைப்பதையே தடை செய்தார். டிரோல் விவசாயிகள் என்ன செய்தார்கள்? குடிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்குகளில் வீட்டுக்கு வீடு குடில் இருப்பதற்கு அந்தத் தடை ஒரு முக்கியக் காரணம். பவேரியாவிலும் 1803க்குப் பிறகு மடங்கள் கலைக்கப்பட்டபோது இதே கதைதான், கோயில் குடில்கள் எல்லாம் விலைக்குப் போயின. ஒரு அரசாங்கம் ஒழிக்க நினைத்ததை எப்படித் தானே வளர்த்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஒரு உபரிச் செய்தி. அரண்மனைக்குப் பக்கத்திலேயே பேராலயத்தின் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் இருக்கிறது, சுவரெல்லாம் பழைய ஓவியங்கள். அதில் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒருவர் யானை வரைந்திருக்கிறார். யானையைப் பார்த்தேயிராத மனிதர். குதிரை உடம்பு, மூஞ்சியில் ஊதுகுழல் மாதிரி ஒரு தும்பிக்கை. அப்புறம் 1551 டிசம்பரில் நிஜமாகவே ஒரு இந்திய யானை அந்த ஊருக்கு நடந்து வந்தது! போர்ச்சுகல் அரச குடும்பம் ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்ஸிமிலியனுக்குக் கொடுத்த பரிசு, பெயர் சோலிமான், வியன்னாவுக்குப் போகிற வழி. சுமார் இரண்டு வாரம் அங்கே ஒரு சத்திரத்தில் தங்கியது, அந்தச் சத்திரம் அன்றிலிருந்து இன்றுவரை யானையின் பெயரிலேயே ஹோட்டலாக நடக்கிறது. ஆல்ப்ஸ் குடில்களில் குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களின் பரிவாரத்தில் யானை வரும்போதெல்லாம் காதையும் காலையும் உற்றுப் பாருங்கள், செதுக்கியவர் யானையைப் பார்த்தவரா, கேட்டவரா என்று கண்டுபிடித்துவிடலாம்.

மியூனிக்கிலிருந்து வெரோனா போகும் யூரோசிட்டி ரயில் பிரிக்ஸெனில் நிற்கும். மாறவே வேண்டாம், பெரியவர்களுக்கு அதுவே பாதி நிம்மதி. கிறிஸ்துமஸை ஒட்டி மூடியிருக்கும் நாட்களை மட்டும் அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

லுத்தாக் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக மட்டும் மியூனிக்கிலிருந்து போவது எனக்கு அதிகமாகப் படுகிறது.

இசார்_கரையோரம்

ஏன் எல்லோரும் உடனே எல்லை தாண்டுகிறீர்கள்? தம்பி, நீங்கள் இருக்கும் ஊரிலேயே பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில் உலகின் மிகச் சிறந்த குடில் தொகுப்புகளில் ஒன்று இருக்கிறது. மாக்ஸ் ஷ்மெடரர் என்ற மியூனிக் பணக்காரர் ஆல்ப்ஸ், நேப்பிள்ஸ், சிசிலி என்று தேடித் தேடி வாங்கி, 1890களிலிருந்து அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். நேப்பிள்ஸ் குடில்களில் சந்தைக் காட்சி மட்டுமே தனி உலகம், மீன்காரி, கறிக்கடை, கைவிரல் அளவில் பூசணிக்காய். அம்மாவுக்கு அது போதும். பிரிவு திறந்திருக்கும் மாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், டிராமில் போய்விடலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நேப்பிள்ஸ் உருவங்கள் முழு மரம் இல்லை. தலை சுட்ட மண், கண் கண்ணாடி, கைகால் மட்டும் மரம், உடம்பு கம்பியில் சணல் சுற்றியது, மேலே பட்டுத் துணி. ஓடாவி அப்பா திருப்பிப் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது.

உளிச்சத்தம்

எங்கள் குடும்பம் தம்மம்பட்டிப் பக்கம், மரச் சிற்ப வேலை. நான் இப்போது பர்னிச்சர் டிசைன் செய்து பிழைக்கிறேன் என்றாலும் உளி பிடிக்கத் தெரியும். அப்பாவைப் பற்றி எழுதியதால் பதில் போடுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன இரண்டு இடங்களும் அம்மாவுக்குத்தான் சரி. அப்பாவுக்கு வால் கார்டேனா பள்ளத்தாக்கு.

அதுவும் தென் டிரோலில்தான், பொல்சானோ நகரிலிருந்து பஸ் இருக்கிறது. மெயின் ஊருக்கு மூன்று பெயர்: இத்தாலியனில் ஓர்டிசெய், ஜெர்மனில் சாங்க்ட் உல்ரிக், அந்தப் பள்ளத்தாக்கின் சொந்த மொழியான லாதினில் உர்டியெய். போர்டில் எதைப் பார்த்தாலும் ஒரே ஊர்தான், இறங்கிவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே மரம் செதுக்குகிறார்கள், ட்ரெபிங்கர், வினாட்ஸர் என்று தலைமுறை தலைமுறையாக இதே வேலை செய்த குடும்பங்கள். காரணம் கலை ஆர்வம் மட்டும் இல்லை. அவ்வளவு உயரத்தில் வருஷத்தில் பாதி நிலம் பனிக்கு அடியில் கிடக்கும், விவசாயிக்கு வேலை கிடையாது, காட்டில் மரம் இருக்கிறது. மரம் என்றால் சிர்ம் என்று அங்கே சொல்கிற ஒரு வகைப் பைன். 1,500 மீட்டருக்கு மேல்தான் நன்றாக வளரும், மெதுவாக வளரும். மென்மையான மரம், உளி எந்தப் பக்கம் போனாலும் பெரிதாக அடம் பிடிக்காது, ஆனால் கணு நிறைய, சிவந்த கணு. வாசனை வருஷக்கணக்கில் போகாது. எங்கள் ஊரில் வாகையில் பெரிய சாமி உருவங்கள் செய்யும்போது கணு வந்தால் எரிச்சல்படுவார்கள், அங்கே அந்தக் கணுவையே அழகு என்று விட்டுவிடுகிறார்கள். வண்ணம் பூசுகிற சின்ன உருவங்களுக்கு லிண்டன் மரம், இயந்திர வேலைக்குப் பெரும்பாலும் மேப்பிள்.

வெறும் சாமி உருவம் மட்டும் செய்து ஒரு பள்ளத்தாக்கே பிழைத்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குச் சோறு போட்டது பொம்மை. கை கால் மூட்டில் முளையடித்து மடக்குகிற மரப் பொம்மை, ஐரோப்பா முழுக்கப் போனது. விக்டோரியா மகாராணி சிறுமியாக இருந்தபோது 132 மரப் பொம்மை வைத்திருந்தாரே, அந்த ரகம் இங்கே செய்ததுதான். வீட்டில் ஆண், பெண், குழந்தை எல்லோரும் செதுக்குவார்கள், இடைத்தரகர் வந்து டஜன் கணக்கில் அள்ளிக்கொண்டு போவார், லாபம் யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1872இல் அந்தப் பக்கம் போன அமீலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பயணி ஒரு கிழவியைப் பற்றி எழுதியிருக்கிறார். பூனை, நாய், ஓநாய், ஆடு, செம்மறி, யானை, இந்த ஆறு மிருகம் மட்டும்தான் அந்தப் பாட்டிக்குச் செதுக்கத் தெரியும். அவருடைய அம்மாவும் பாட்டியும் அதே ஆறைத்தான் செதுக்கினார்கள். படம் வரைந்து பார்ப்பது, அளவெடுப்பது எதுவும் கிடையாது, கத்தி தானாகப் போகும். மேலே யானையைப் பற்றி எழுதினீர்களே, இந்தப் பாட்டி செய்த யானையைத்தான் நான் பார்க்க ஆசைப்படுவேன்.

ஊரில் மியூசியம் கெர்டெய்னா என்று ஒன்று இருக்கிறது, பழைய பொம்மைகளும் பழைய சாமி உருவங்களும் ஒரே கூரைக்குக் கீழே. அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் நடங்கள். பட்டறையும் கடையும் சேர்ந்தே இருக்கும் இடங்கள் உண்டு, சில இடங்களில் செதுக்குபவரே வாசலை ஒட்டி உட்கார்ந்திருப்பார். அப்பா கையைப் பார்த்தாலே அவர்களுக்குப் புரிந்துவிடும், மொழி தேவைப்படாது.

இப்போது காசு விஷயம். அங்கே கடையில் இருக்கும் பெரும்பாலான சுரூபங்கள் இயந்திரத்தில் பிறந்தவை. பாண்டோகிராஃப் என்று சொல்வார்கள்: நடுவில் அசல் உருவம், அதன் மேல் ஒரு கூர் ஊர்ந்து போகும், அது போகிற வழியெல்லாம் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கட்டைகளில் சுழலும் கத்திகள் அதே மாதிரி வெட்டும். ஒரே சமயத்தில் பல நகல். இப்போது கம்ப்யூட்டர் வைத்தும் வெட்டுகிறார்கள். பிறகு கையால் கொஞ்சம் சீவி, வண்ணம் கையால் பூசுவார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, எல்லோருக்கும் தெரிந்துதான் நடக்கிறது, விலையும் அதற்கேற்ற மாதிரி. 'மரத்தில் செதுக்கியது' என்று மட்டும் அட்டையில் இருந்தால் இயந்திரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'முழுக்கக் கையால் செதுக்கியது' என்றால்தான் கை வேலை, அதற்கு பொல்சானோ வர்த்தக சபையின் முத்திரை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். முன்னது ஒரு சாண் உருவம் சில பத்து யூரோவில் முடியும், பின்னது பல நூறைத் தொடும்.

கண்ணால் கண்டுபிடிக்க அப்பாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர் செய்கிற மாதிரி திருப்பிப் பார்த்தால் போதும். கையால் செதுக்கியதில் முதுகுப் பக்கம், அங்கியின் மடிப்புக்கு உள்ளே, உளி போன தடம் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். இயந்திர நகலில் ஆழமான இடங்கள் எல்லாம் மழுங்கி உருண்டிருக்கும், ஏனென்றால் சுழலும் கத்தி அந்த மூலைக்குள் போகாது. அதே இடையன் அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு அலமாரியில் இருபது பேர் நின்றால் கேட்கவே வேண்டாம். இன்னொரு ரகம் பிசின் வார்ப்பு, மரத்தூள் கலந்து மரம் மாதிரியே நிறம். அடிப்பக்கத்தில் மர ரேகை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

முத்துநகர்வாசி

உளிச்சத்தம் அண்ணே, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த நகலெடுக்கும் இயந்திரத்தைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. மியூனிக் தொகுப்பை வந்த முதல் வாரத்திலேயே காட்டிவிடுகிறேன், இசார் அவர்களுக்கு நன்றி.

ஒரு சந்தேகம். இவ்வளவு குளிரிலும் வறட்சியிலும் இருந்த மரம் தூத்துக்குடி உப்புக் காற்றில் என்னாகும்? வெடிக்குமா? கரையான் வேறு.

உளிச்சத்தம்

நன்றாக உலர்த்திய மரத்தில் செய்த சின்ன உருவம் சுலபத்தில் வெடிக்காது. பெரிய கட்டைக்குத்தான் அந்தப் பயம், அதனால்தான் பெரிய சிலைகளின் முதுகை உள்ளே குடைந்து விடுவார்கள். வண்ணம்தான் பலவீனம். பழைய முறையில் மரத்தின் மேல் சாக்குப்பொடியும் வஜ்ஜிரப் பசையும் கலந்து பல பூச்சு பூசி, தேய்த்து, அதற்கு மேல்தான் நிறம், தங்க ரேக்கு எல்லாம். மரம் ஈரத்தில் உப்பும், சுருங்கும், அந்தப் பூச்சு கூட வராது, பெயர்ந்துவிடும். ஆகவே ஊருக்குக் கொண்டு போக என்றால் வண்ணம் இல்லாமல் மெழுகு மட்டும் தேய்த்ததோ, பழுப்புச் சாயம் ஏற்றியதோ வாங்குங்கள். பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை வரும். சிர்ம் மரத்தின் வாசனைக்குப் பூச்சியே வராது என்று கடைக்காரர் சொல்வார், துணி அரிக்கும் அந்துப்பூச்சிக்கு வேண்டுமானால் அது சரி, நம்மூர்க் கரையானிடம் அந்தக் கதையெல்லாம் செல்லாது.

வெரோனா_அல்லி

லுத்தாக்கை எல்லோரும் சேர்ந்து ஓரங்கட்டிவிட்டீர்கள், அதனால் நான் பேசியாக வேண்டும். நாங்கள் வெரோனாவிலிருந்து பிள்ளைகளோடு போனோம். பிரிக்ஸெனையும் பார்த்திருக்கிறேன். ப்ரென்னர் அண்ணன் சொல்வது உண்மைதான், அங்கே இருப்பது பெரிய கலை, ஆனால் அரண்மனைக் கலை. ஆயர் பணம் கொடுத்தார், கலைஞர் செய்தார், கண்ணாடிக்குள் இருக்கிறது. லுத்தாக்கில் இருப்பது தனியார் முயற்சி, அந்தப் பள்ளத்தாக்கு ஆட்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட பொருள்களோடு ஒட்டியது. அம்மாவும் அப்பாவும் செய்கிற வேலைக்கு அதுதான் நெருக்கம்.

அங்கே போனால் இரண்டு பாணி கவனியுங்கள். ஒன்று கீழ்த்திசைப் பாணி: பாலைவனம், பேரீச்சை, தட்டைக் கூரை வீடு, ராஜாக்களின் ஒட்டகம். இன்னொன்று டிரோல் பாணி: இயேசு பிறப்பதே ஒரு ஆல்ப்ஸ் மாட்டுக்கொட்டகையில், கூரையில் பனி, இடையர்கள் தோல் கால்சட்டையும் இறகு வைத்த தொப்பியும் போட்டு வருவார்கள். பெத்லகேமில் பனி ஏது என்று என் பெரியவள் கேட்டாள். பக்கத்து வீட்டு விவசாயியின் முகத்தையே இடையனுக்கு வைத்துவிட்ட ஒருவரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. உருவங்களுக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பலர் பார்க்காமலே போகிறார்கள். காட்டில் பொறுக்கிய வேர்க்கட்டை, மரப்பட்டை, பாசி, பசையில் குழைத்த மரத்தூள், இவற்றை வைத்துத்தான் பாறை எழுப்புகிறார்கள், அதற்கென்றே குளிர்காலத்தில் ஊர் ஊராக வகுப்பு நடக்கிறது, குடில் நண்பர்கள் சங்கம் என்று இன்ஸ்ப்ரூக்கில் 1909லேயே தொடங்கிவிட்டார்கள். உங்கள் அம்மா களிமண்ணில் செய்வதை அங்கே வேரில் செய்கிறார்கள், அவரை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போகலாம்.

பள்ளத்தாக்கே சும்மா இல்லை. அதன் கடைக்கோடியில் ப்ரெட்டாவ் என்ற ஊரில் பல நூற்றாண்டு ஓடிய செப்புச் சுரங்கம் 1893இல் மூடப்பட்டபோது, ஆண்களுக்கு வேலை போக, பெண்கள் கையால் லேஸ் பின்னிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். சுரங்க மியூசியம் குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஆனால் லேஸ் இன்றும் பின்னுகிறார்கள். மரமோ நூலோ, இந்தப் பக்கத்துக் கைவேலைக்கெல்லாம் பின்னால் ஏதோ ஒரு பசி இருக்கிறது.

இன்னொரு யோசனை, பெற்றோர் ஜனவரியிலும் இருப்பார்களா? இருந்தால் இன்ஸ்ப்ரூக் பக்கத்தில் தவுர் என்ற கிராமத்துக்குப் போங்கள். கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு பிப்ரவரி 2, காணிக்கை மாதா திருநாள் வரை, வீடு வீடாகப் போய்க் குடில் பார்ப்பது அங்கே வழக்கம். நம்மூரில் கொலு பார்க்கப் போகிற மாதிரியேதான், வீட்டுக்காரர் வைத்ததைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், சுண்டலுக்குப் பதில் ஒரு சின்னக் கிளாஸில் ஷ்னாப்ஸ் சாராயம் வரும். அதற்கு குளோரியாத் தண்ணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! நிறைய வீடு பார்த்தவர்கள் திரும்பும்போது நேராக நடக்க மாட்டார்கள்.

ப்ரென்னர்_வழிப்போக்கன்

அல்லி சொல்லும் தவுர் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். திறந்திருக்கும் வீடுகளைத்தான் பார்க்கலாம், கண்ட கதவைத் தட்டாதீர்கள். கிராமத்துக் கோயில் குடிலையும் பாருங்கள். இன்ஸ்ப்ரூக்கில் இறங்கினால் ஹோஃப்கிர்கே கோயிலை ஒட்டி டிரோல் நாட்டார் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, அதிலும் பெரிய குடில் தொகுப்பு. கோயிலுக்குள் முதலாம் மாக்ஸிமிலியன் பேரரசரின் (யானை வாங்கியவர் இல்லை) நினைவுச் சமாதியைச் சுற்றி ஆளுயரத்தை மிஞ்சும் 28 வெண்கலச் சிலைகள், அதையும் விட்டுவிடாதீர்கள்.

அரண்மனைக் கலை என்பதை நான் ஒப்பவில்லை. ப்ரோப்ஸ்ட் சகோதரர்களும் டிரோல்காரர்கள்தான், பணம் ஆயருடையதாக இருந்தால் கை மாறிவிடுமா? சரி, அதை விடுங்கள். லுத்தாக் போவதென்றால் ஃபோர்டெஸ்ஸாவில் ரயில் மாறி ப்ருனெக், அங்கிருந்து சாண்ட் இன் டவுஃபெர்ஸ் வழியாக பஸ். குளிரில் இரண்டு மாற்றம். காரில் போனால் ஆஸ்திரிய சாலை ஸ்டிக்கர் வாங்க வேண்டும், ப்ரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டணம், குளிர்கால டயர் கட்டாயம், பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைகளில் அந்த மலைப்பாதை நகரவே நகராது. வார நாளில் கிளம்புங்கள்.

முத்துநகர்வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடமும் அப்பாவிடமும் போனில் பேசி முடிவு செய்தாகிவிட்டது. ரயிலில் பிரிக்ஸென், அங்கேயே இரவு தங்கல், மறுநாள் ஓர்டிசெய், அப்பா போதும் என்று சொல்லும் வரை. லுத்தாக் இந்த முறை இல்லை, அல்லி அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், இரண்டு வண்டி மாற்றம் என்றதும் அம்மாவின் முழங்கால்தான் ஓட்டுப் போட்டது. தவுர் மட்டும் ஜனவரி முதல் வாரத்தில் நிச்சயம் உண்டு, குளோரியாத் தண்ணி என்று கேட்டதும் அப்பாவே தேதி குறித்துவிட்டார். செட் வாங்கும்போது குழந்தை, மாதா, சூசையப்பர் மூன்றை மட்டும் கை வேலையாக வாங்கிவிட்டு இடையர்களை இயந்திரத்தில் வாங்கலாமா என்று யோசிக்கிறேன், அப்பா சம்மதிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இருவருக்கும் ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாதான், இத்தாலி போய்வரப் பிரச்சினை இருக்காதே?

ப்ரென்னர்_வழிப்போக்கன்

இருக்காது. விசா தேதி முடியாமல் இருந்தால் போதும். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டு வராதீர்கள், திரும்பும்போது ஆஸ்திரியா தாண்டி ஜெர்மனிக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்க்கிறார்கள். மூன்று பேர் ஒன்றாக உட்காரும்படி இருக்கையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள், அந்த வாரத்தில் வண்டி நிரம்பி வழியும்.

உளிச்சத்தம்

மூன்று கை வேலை, மீதி இயந்திரம் என்று கலக்காதீர்கள், பக்கத்தில் வைத்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கையில் காசு குறைவென்றால் முதலில் அந்த மூன்றை மட்டும் வாங்குங்கள், இடையர்களை உங்கள் அப்பாவே வாகையில் செதுக்கட்டும். அளவை மட்டும் அங்கேயே குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், நிற்கும் ஆள் எத்தனை சென்டிமீட்டர் என்று, மண்டியிட்டிருப்பவரை அளந்தால் கணக்கு தப்பும்.